தாத்தா துப்பாக்கியில் புதுத் தோட்டா போடலாமா? குழல் வெடித்தால் கண்ணும் போகும், கையும் போகும்!

பரணில் சாக்கு சுற்றிக் கிடந்த தாத்தா காலத்து வேட்டைத் துப்பாக்கி. கடையில் புதுசாக வாங்கிய பளபள தோட்டா. போட்டுப் பார்த்தால் இரண்டும் அச்சு அசலாகப் பொருந்துகிறது. "அதான் உள்ள போயிடுச்சே... ஒரு தடவை சுட்டுத்தான் பாத்துடுவோமே" என்று விசையை அழுத்தினால் என்ன ஆகும்?

பல சமயம் ஒன்றும் ஆகாது. 'டமார்' என்று ஒரு சத்தம், தோளில் ஒரு உதை, அவ்வளவுதான். ஆனால் சில சமயம் துப்பாக்கிக் குழல் வாழைப்பழத் தோல் உரிந்த மாதிரி பிளந்துகொள்ளும். பின்பக்கம் பூட்டு தெறித்து முகத்துக்கே வரும். குழலைத் தாங்கிப் பிடித்த இடது கை விரல்கள் போய்விடும்.

தோட்டா உள்ளே போகிறது என்பதற்கும், அதைச் சுடலாம் என்பதற்கும் சம்பந்தமே இல்லை. இந்த ஒரு விஷயம் தெரியாமல்தான் உலகம் முழுக்க பல பேர் கையையும் கண்ணையும் இழந்திருக்கிறார்கள்.

'நம்மகிட்ட ஏது துப்பாக்கி?' என்று தாண்டிப் போய்விடாதீர்கள். நீலகிரி, ஏற்காடு, வால்பாறை பக்கம் வெள்ளைக்காரன் விட்டுப்போன துப்பாக்கிகள் லைசென்சோடு சில வீடுகளில் இருக்கின்றன. எஸ்டேட் காவலுக்குப் போகிறவர் கையிலும் துப்பாக்கி வருகிறது. வங்கி வாசலில் நிற்கும் காவலாளி தோளிலும் பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி தொங்குகிறது. துப்பாக்கி யாருடையதாக இருந்தாலும், வெடித்தால் அடிபடப்போவது அதைப் பிடித்திருக்கிறவருக்குத்தான்.

அப்படி என்னதான் வித்தியாசம்? விவரமாகப் பார்ப்போம்.

குக்கரும் துப்பாக்கியும்

துப்பாக்கி என்பது ஒரு முனை மூடிய இரும்புக் குழாய். உள்ளே மருந்து எரிகிறது. எரிந்த புகை வெளியே போக வழி தேடுகிறது. முன்னால் குண்டு அடைத்துக்கொண்டு இருக்கிறது. அதைத் தள்ளிக்கொண்டு வெளியே பாய்கிறது. அந்தத் தள்ளும் பலத்துக்குப் பெயர்தான் அழுத்தம்.

நம்ம வீட்டு பிரஷர் குக்கர் விசில் அடிக்கும்போது உள்ளே இருக்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு. லாரி டயரில் அடிக்கும் காற்று சுமார் 100 பவுண்டு. அந்த டயர் வெடித்தாலே பக்கத்தில் நிற்கிறவர் கதி என்ன என்று பஞ்சர் கடைக்காரரைக் கேட்டால் சொல்வார்.

பழைய கருமருந்துத் துப்பாக்கிக்குள் வரும் அழுத்தம் சுமார் 20 ஆயிரம் முதல் 25 ஆயிரம் பவுண்டு. இன்றைய வேட்டைத் தோட்டாவில்? '.30-06' என்ற பிரபலமான தோட்டாவுக்கு அமெரிக்காவில் வைத்திருக்கும் உச்ச வரம்பு 60 ஆயிரம் பவுண்டு. அதாவது இரண்டரை, மூன்று மடங்கு.

25 ஆயிரத்துக்காகச் செய்த குழாயில் 60 ஆயிரத்தைத் திணித்தால் இரும்பு எப்படித் தாங்கும்?

கருமருந்து போய் கார்டைட் வந்த கதை

பல நூறு வருடம் உலகம் முழுக்க துப்பாக்கிக்கு ஒரே மருந்துதான். வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு. இதுதான் கருமருந்து. சுட்டால் எதிரில் இருப்பது தெரியாத அளவுக்கு வெள்ளைப் புகை வரும். குழல் முழுக்கக் கரி பிடிக்கும்.

1884-ல் பிரான்சில் பால் வியெய் என்ற விஞ்ஞானி புகை அதிகம் வராத மருந்தைக் கண்டுபிடித்தார். அதை வைத்து 1886-ல் பிரெஞ்சு ராணுவம் 'லெபெல்' துப்பாக்கியை இறக்கியது. 1887-ல் ஆல்பிரட் நோபல் தன் பங்குக்கு 'பாலிஸ்டைட்' என்ற மருந்தைக் கொண்டுவந்தார். ஆமாம், நோபல் பரிசுக்குப் பெயர் கொடுத்த அதே ஆள்தான். 1889-ல் இங்கிலாந்தில் பிரெடரிக் ஏபல், ஜேம்ஸ் டிவார் இருவரும் 'கார்டைட்' செய்தார்கள்.

நைட்ரோ கிளிசரின் 58 பங்கு, வெடிபஞ்சு 37 பங்கு, வாஸ்லின் 5 பங்கு. உதட்டில் தடவுகிற அதே வகை வாஸ்லின்தான். இதை அசிட்டோன் ஊற்றிப் பிசைந்து, இடியாப்பம் பிழிவது போல அச்சில் பிழிந்து எடுப்பார்கள். கயிறு கயிறாக வரும். கயிறுக்கு இங்கிலீஷில் 'கார்டு'. அதனால்தான் 'கார்டைட்'.

இந்தப் பெயர் நீலகிரிக்காரர்களுக்குப் புதுசு இல்லை. குன்னூர் பக்கத்தில் மலை ரயில் நிற்கும் அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறதே... அதன் பெயரே 'கார்டைட் பேக்டரி'தான். 1900-களின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர் ஆட்சியில் தொடங்கியது. 2021-ல் மத்திய அரசு ஆயுதத் தொழிற்சாலைகளைப் பிரித்துக் கம்பெனிகளாக்கியபோது, 'முனிஷன்ஸ் இந்தியா' நிறுவனத்தின் கீழ் வந்தது. ஒரு நூற்றாண்டுக்கு முன்னால் துப்பாக்கி உலகத்தைப் புரட்டிப் போட்ட மருந்தின் பெயரை அந்த ஊர் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது.

புது மருந்தின் குணமே வேற!

புது மருந்தில் சக்தி அதிகம் என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய சிக்கல் அது எரிகிற விதம்.

கருமருந்து கிட்டத்தட்ட ஒரே சீராக எரிந்து முடியும். புகையில்லா மருந்து அப்படி இல்லை. அழுத்தம் ஏற ஏற அது இன்னும் வேகமாக எரியும். வேகமாக எரிய எரிய அழுத்தம் இன்னும் ஏறும். அடைப்பு சின்னதாக இருந்தாலும், குண்டு கொஞ்சம் இறுக்கமாக இருந்தாலும், அழுத்தம் திடீரென்று எகிறிவிடும்.

புது மருந்து வந்த காலத்தில் வேட்டைக்காரர்கள் தாங்களே தோட்டா நிரப்பிக்கொள்வார்கள். கருமருந்தை அளந்த அதே கரண்டியில் புது மருந்தையும் அளந்து போட்டவர்களும் இருந்தார்கள். விளைவைச் சொல்லவே வேண்டாம். 'பழைய அளவு, புது மருந்து' என்ற தப்பு இன்றைக்கும் நடக்கிறது.

ஒரே கூடு, ரெண்டு விதம்

'சரி, கடையில வாங்குற தோட்டா கம்பெனி தயாரிப்புதானே? அளவு சரியா இருந்தா போதாதா?' என்று கேட்கலாம். அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம்.

1898-ல் லண்டனின் ரிக்பி கம்பெனி '.450 நைட்ரோ எக்ஸ்பிரஸ்' தோட்டாவை இறக்கியது. 480 கிரெயின் எடையுள்ள குண்டு, பின்னால் 70 கிரெயின் கார்டைட். நொடிக்கு 2,150 அடி வேகம். யானையையே சாய்க்கும் தோட்டா. ஆனால் இதற்கு ரிக்பி எடுத்துக்கொண்ட பித்தளைக் கூடு புதுசு இல்லை. ஏற்கெனவே கருமருந்துக்காக இருந்த 3¼ அங்குல .450 கூடு அது.

அதனால் கார்டைட் தோட்டா கருமருந்துத் துப்பாக்கிக்குள்ளும் சமத்தாக நுழைந்துவிடும். பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஆனால் ஒன்றுக்கான துப்பாக்கி மற்றதைத் தாங்காது.

இதில் நடுவில் மூன்றாவதாக ஒன்றும் வந்தது. கருமருந்துத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்காகவே கார்டைட்டைக் குறைத்துப் போட்டு, மென்மையாகச் செய்த தோட்டா. '.577' தோட்டாவில் கருமருந்து, கருமருந்துத் துப்பாக்கிக்கான மென்மையான கார்டைட், முழு கார்டைட் என்று மூன்று வகையும் விற்றது. பெட்டியை மாற்றி எடுத்தால் கதை கந்தல்.

இந்த .450 விஷயத்தில் இந்தியாவுக்கு நேரடித் தொடர்பு உண்டு. இந்தியாவிலும் சூடானிலும் கிளர்ச்சிக்காரர்கள் பழைய ராணுவத் துப்பாக்கிகளில் இந்தக் குண்டுகளைப் பயன்படுத்திவிடுவார்கள் என்று வெள்ளைக்கார அரசு பயந்தது. 1907-ல் .450 தோட்டாக்களுக்குத் தடை விழுந்தது. உடனே லண்டன் கம்பெனிகள் .465, .470, .475 என்று கொஞ்சம் கொஞ்சம் அளவு மாற்றிப் புதுத் தோட்டாக்களாக இறக்கிவிட்டன. நம்ம நாட்டுச் சட்டத்துக்குப் பயந்து பிறந்த அந்த .470 இன்றும் ஆப்பிரிக்காவில் யானை, காட்டெருமை வேட்டையில் பெயர் போன தோட்டா.

ரெண்டு தலைமுடி கனம்... அதுக்கே இந்தப் பாடு

ஜெர்மனியின் கதை இன்னும் விசித்திரம். 1888-ல் வந்த 8 மில்லிமீட்டர் ராணுவத் துப்பாக்கியில் குண்டின் கனம் 0.318 அங்குலம். 1905-ல் குண்டை மாற்றினார்கள். புதுக் குண்டின் கனம் 0.323 அங்குலம். வித்தியாசம் வெறும் 0.005 அங்குலம். ஒன்றிரண்டு தலைமுடி கனம்தான்.

ராணுவம் மாறிவிட்டது. ஆனால் வேட்டைத் துப்பாக்கி செய்கிறவர்கள் பல வருடங்களுக்குப் பழைய அளவிலேயே குழல் செய்தார்கள். கூடு ஒரே அளவு. எனவே பழைய குழலில் புதுத் தோட்டா போடலாம். ஆனால் குழல் சின்னது, குண்டு பெரிசு. பிதுங்கிக்கொண்டு போக வேண்டும். அழுத்தம் எகிறும்.

அமெரிக்காக்காரர்கள் இதற்குப் பயந்தே அந்த 8 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு 35 ஆயிரம் பவுண்டு என்று வரம்பு கட்டினார்கள். ஐரோப்பாவில் அதே தோட்டாவுக்கு வரம்பு சுமார் 56 ஆயிரத்து 500 பவுண்டு. பெட்டியில் கிட்டத்தட்ட ஒரே பெயர்தான் இருக்கும். எந்த ஊர்த் தயாரிப்பு என்று பார்க்காமல் வாங்கினால் ஆபத்து.

பெயர்க் குழப்பம் இதோடு முடியவில்லை. புலி வேட்டையில் பெயர் பெற்ற ஜிம் கார்பெட் வைத்திருந்த துப்பாக்கி '.275 ரிக்பி'. அந்தத் தோட்டாவும் ஜெர்மன்காரனின் 7 மில்லிமீட்டர் மவுசர் தோட்டாவும் ஒன்றுதான். ஆனால் '.275 ஹாலந்து மேக்னம்' என்று இன்னொன்று இருக்கிறது. அது முற்றிலும் வேறு. '.275 குடுங்க' என்று கேட்டு வாங்குவது, மருந்துக் கடையில் 'அந்த வெள்ளை மாத்திரை குடுங்க' என்று கேட்பது மாதிரி.

இரும்பைக் காய்ச்சிய தொழிலாளி மேல் தப்பா?

தோட்டா சரி, துப்பாக்கியே மோசம் என்றால்? அதற்கும் ஒரு உண்மைக் கதை இருக்கிறது.

அமெரிக்க ராணுவத்துக்காக 1903-ல் வந்தது ஸ்பிரிங்பீல்டு ரைபிள். பிற்பாடு ஆயிரக்கணக்கானவர்கள் இதை வாங்கி, கட்டையை இழைத்து, வேட்டைத் துப்பாக்கியாக மாற்றிக்கொண்டார்கள். 1917-ல், முதல் உலகப்போர் நேரத்தில், இவற்றில் சில சுடும்போதே உடைந்து சிதறின.

விசாரித்தால் விஷயம் பட்டறையில் இருந்தது. இரும்பைக் காய்ச்சும்போது சூடு போதுமா என்று பார்க்கத் தொழிலாளர்களுக்குக் கருவி இல்லை. அனுபவசாலிகள் இரும்பின் சிவப்பு நிறத்தைக் கண்ணால் பார்த்தே சொல்வார்கள். நம்ம ஊர் கொல்லுப்பட்டறையில் பார்க்கிற மாதிரிதான்.

ஆனால் வெயில் பளீரென்று அடிக்கும் நாளில் காய்ச்சிய இரும்பு கண்ணுக்கு மங்கலாகத் தெரியும். 'இன்னும் சூடு போதலை' என்று மேலும் காய்ச்சுவார்கள். மேகம் போட்ட நாளில் அதே சூடு பிரகாசமாகத் தெரியும். வெயில் நாளில் காய்ச்சியது அளவுக்கு மீறி வெந்து, கண்ணாடி மாதிரி நொறுங்கும் இரும்பாகிவிட்டது. ஜூலியன் ஹேச்சர் என்ற ராணுவ அதிகாரி இதையெல்லாம் விரிவாக எழுதி வைத்திருக்கிறார்.

1918-ல் காய்ச்சும் முறையை மாற்றினார்கள். ஸ்பிரிங்பீல்டு ஆலையில் செய்ததில் வரிசை எண் 8 லட்சத்துக்குக் கீழே இருந்தால் சுட வேண்டாம் என்று விவரம் தெரிந்தவர்கள் இன்றும் எச்சரிக்கிறார்கள். அப்படிப்பட்ட துப்பாக்கியில் 100 தோட்டா நல்லபடியாகச் சுட்டிருக்கலாம். 101-வது தோட்டாவுக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

தொழிலாளி மேல் தப்பு இல்லை. கண்ணை மட்டும் நம்பச் சொன்ன முறையில்தான் தப்பு. வெளியே பளபளப்பாக இருக்கிறது என்று பழைய துப்பாக்கியை நம்புகிறோமே, நாம் செய்வதும் அதே தப்புதான்.

காவலாளி அண்ணன் கவனிக்க: 12 போர் ஏமாற்று

நம்ம ஊரில் அதிகம் இருப்பது ரைபிள் இல்லை. 12 போர் இரட்டைக்குழல். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது.

பழைய இங்கிலீஷ் துப்பாக்கிகளில் தோட்டா உட்காரும் அறை 2½ அங்குலம், அதாவது 65 மில்லிமீட்டர். இப்போது அதிகம் வருவது 2¾ அங்குலம், 70 மில்லிமீட்டர் தோட்டா. 'அறை சின்னதுன்னா பெரிய தோட்டா உள்ள போகாதுல்ல?' என்றால், போகும்!

ஏனென்றால் பெட்டியில் போட்டிருக்கும் நீளம், சுட்ட பிறகு வாய் விரிந்த தோட்டாவின் நீளம். சுடுவதற்கு முன் வாய் மடங்கியிருப்பதால் தோட்டா குட்டையாக இருக்கும். சமத்தாக உள்ளே போய் உட்காரும். சுட்டதும் மடிப்பு விரிய இடம் இல்லாமல், குழல் குறுகும் இடத்தில் போய் அடைத்துக்கொள்ளும். ரவை, அடைப்பான் எல்லாம் அந்த இடுக்கு வழியாகப் பிதுங்க வேண்டும். அழுத்தம் ஏறும்.

இன்னொன்று, குழலில் அலை அலையாகக் கோலம் போட்ட மாதிரி தெரிந்தால் அது 'டமாஸ்கஸ்' குழலாக இருக்கலாம். இரும்பு, எஃகுப் பட்டைகளைத் தலைப்பின்னல் மாதிரி முறுக்கிச் சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டிய குழல். பார்க்க அழகு. ஆனால் ஒவ்வொரு சுற்றும் ஒரு ஒட்டு. உள்ளே எந்த ஒட்டில் துரு புகுந்திருக்கிறது என்று வெளியே தெரியாது.

வெளிநாடுகளில் ஈயத்துக்குப் பதில் இரும்பு ரவை போட்ட தோட்டாக்கள் வருகின்றன. பழைய குழலின் வாய் குறுகலாக இருக்கும். ஈயம் நசுங்கிப் போகும். இரும்பு நசுங்காது. குழல் வாய்தான் வீங்கும்.

முத்திரை சொல்லும் சேதி

அப்படியானால் எந்தத் துப்பாக்கி எதைத் தாங்கும் என்று எப்படித் தெரியும்? துப்பாக்கியிலேயே எழுதியிருக்கும்.

லண்டனில் 1637 முதல் துப்பாக்கி செய்கிறவர்கள் சங்கம் இருக்கிறது. பர்மிங்காமில் 1813-ல் சோதனைக் கூடம் வந்தது. இங்கே ஒவ்வொரு துப்பாக்கியிலும் வேண்டுமென்றே கூடுதல் பலமுள்ள தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பார்ப்பார்கள். இன்றைய ஐரோப்பிய விதிப்படி ரைபிளுக்கு வழக்கமான வரம்பைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தம். தாங்கினால் முத்திரை. தாங்காவிட்டால் குப்பை.

குழலின் அடிப்பக்கம், கட்டையைக் கழற்றினால் தெரியும் இடத்தில் இந்த முத்திரைகள் இருக்கும். 'நைட்ரோ புரூஃப்' என்று இருந்தால் புகையில்லா மருந்துக்குச் சோதித்தது. 1954-க்குப் பிறகு பர்மிங்காம் முத்திரை 'பிஎன்பி' என்று மாறியது. ஜெர்மன் துப்பாக்கியில் கிரீடமும் அதன் கீழ் 'என்' எழுத்தும் இருந்தால் அதே அர்த்தம். அப்படி எதுவும் இல்லாவிட்டால் கருமருந்துக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்வதே உயிருக்கு நல்லது.

முத்திரை இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. அது போட்ட அன்றைக்கு இருந்த நிலைமைதான் அது. அதற்கப்புறம் எத்தனை மழைக்காலம் வந்து போச்சு?

மழையும் துருவும்

பழைய தோட்டாவின் பின்பக்கக் கேப்பில் ஒரு வகை உப்பு இருந்தது. சுட்டதும் அந்த உப்பு குழலுக்குள் படியும். காற்றில் இருக்கும் ஈரத்தை இழுக்கும். உப்புக் காற்று பட்ட கடலோர வீட்டு ஜன்னல் கம்பி என்ன ஆகிறதோ, அதுதான் குழலுக்கும் ஆகும். அதனால்தான் அந்தக் காலத்து ஆட்கள் வேட்டை முடிந்ததும் குழலுக்குள் கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கழுவினார்கள். எண்ணெய்க்கு உப்பு போகாது, தண்ணீருக்குத்தான் போகும்.

வெயிலும் எதிரிதான். கார்டைட் சூடானால் அழுத்தம் கூடும். லண்டன் குளிரில் நன்றாகச் சுட்ட தோட்டா, இந்திய வெயிலில் கூடு பிதுங்கி வெளியே வராமல் அடம் பிடித்தது. அதனால் இந்தியா போன்ற சூடான நாடுகளுக்கென்றே கம்பெனிகள் மருந்தைக் குறைத்துத் தோட்டா அனுப்பின.

மழைக்காலத்திலும் ஒரு வேடிக்கை நடந்தது. வெள்ளைக்கார ராணுவம் இந்தியாவில் குதிரை லாயங்களில் வைத்த தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் மழைக்காலத்தில் தானாக விரிசல் விட்டன. ஏன் என்று பல வருடம் புரியவில்லை. கடைசியில் 1921-ல்தான் விடை கிடைத்தது. குதிரை மூத்திரத்தில் இருந்து வரும் அமோனியா ஆவிதான் பித்தளையைப் பிளந்திருக்கிறது.

எனவே 'புதுத் தோட்டா ஆபத்துன்னா, தாத்தா வச்சிருந்த பழைய தோட்டாவையே போட்டுடலாம்' என்பதும் தப்பு. பழைய தோட்டாவில் கூடு விரிசல் விட்டிருக்கலாம். மருந்து கெட்டிருக்கலாம். விசை அழுத்தியதும் வெடிக்காமல், சில நொடி கழித்து வெடிக்கும். 'வெடிக்கலையே' என்று குழலைத் திருப்பிப் பார்த்தால் முடிந்தது கதை. வெடிக்கவில்லை என்றால் குழலை ஆள் இல்லாத பக்கம் காட்டியபடி அரை நிமிடமாவது அசையாமல் இருக்க வேண்டும்.

புதுத் தோட்டா எல்லாமே எமன் இல்லை

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். பழைய துப்பாக்கியை மதித்துச் செய்த புதுத் தோட்டாக்களும் இருக்கின்றன.

அமெரிக்காவின் '.45-70' 1873-ல் வந்த கருமருந்துத் தோட்டா. இன்றும் விற்கிறது. பழைய துப்பாக்கி பலர் வீட்டில் இருப்பதால், சாதாரண .45-70 தோட்டாவுக்கு 28 ஆயிரம் பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஆனால் அதே பெயரில், புதுத் துப்பாக்கிகளுக்காக ரொம்பக் காட்டமான தோட்டாக்களையும் சில கம்பெனிகள் விற்கின்றன. பெட்டியின் ஓரத்தில் 'பழைய துப்பாக்கியில் போடாதே' என்று சின்ன எழுத்தில் இருக்கும். அந்தச் சின்ன எழுத்துதான் உயிர்.

சேலம், தர்மபுரி, ஓசூர் காடுகளில் ஆட்கொல்லிப் புலி, சிறுத்தைகளைச் சுட்ட கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது '.405 வின்செஸ்டர்'. 1904-ல் வந்த தோட்டா. 1936-ல் கம்பெனி தயாரிப்பை நிறுத்திவிட்டது. 2000-களில் அமெரிக்காவின் ஹார்னடி கம்பெனி மறுபடி செய்தது. பழைய 300 கிரெயின் குண்டு, பழைய 2,200 அடி வேகம். பெயரை மட்டும் இல்லாமல் அளவையும் மாற்றாமல் செய்தார்கள்.

இரட்டைக்குழல் ரைபிளில் இன்னும் ஒரு நுணுக்கம். இரண்டு குழலும் ஒரே இடத்தில் அடிக்கும்படி ஒரு குறிப்பிட்ட தோட்டாவை வைத்துச் சுட்டுச் சுட்டு ஒட்டியிருப்பார்கள். வேறு பலமுள்ள தோட்டா போட்டால், துப்பாக்கி உடையாவிட்டாலும் ஒரு குண்டு கிழக்கே போகும், ஒன்று மேற்கே போகும்.

வீட்டில் இருந்தால் என்ன செய்யலாம்?

முதல் வேலை, சுட்டுப் பார்க்காதீர்கள். தோட்டா உள்ளே இருக்கிறதா என்று மட்டும் பார்த்து எடுத்துவிடுங்கள். தெரியாவிட்டால் தொடாமல் விவரம் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்க்க வேண்டும். பரணில் கிடந்த குழலுக்குள் குளவி கூடு கட்டியிருக்கும். அந்தக் கைப்பிடி மண் போதும், குழல் வெடிக்க.

லைசென்ஸ் உள்ள துப்பாக்கி பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டு போங்கள். அவர்கள் அறைக்குள் சீக்கிரம் உருகும் உலோகத்தை ஊற்றி அச்சு எடுத்து அளவு பார்ப்பார்கள். மெத்தென்ற ஈயக்குண்டைக் குழலில் தள்ளி எடுத்துக் கனம் பார்ப்பார்கள். பூட்டு ஆடுகிறதா, கட்டை விரிசலா என்று பார்ப்பார்கள். 'சுடாதீங்க' என்று சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். சொன்னவருக்கு அதில் லாபம் இல்லை.

சுட்ட கூட்டைப் பார்த்தாலும் சேதி தெரியும். கேப் தட்டையாக நசுங்கியிருந்தால், கூடு வெளியே வர மறுத்தால், அடிப்பக்கம் பளபளவென்று வளையம் தெரிந்தால், ஓரத்தில் புகை கசிந்த கறை இருந்தால், அத்தோடு நிறுத்திவிட வேண்டும். துப்பாக்கி முதல் எச்சரிக்கை கொடுத்துவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

நம்ம நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று வேட்டை முடிந்துபோன விஷயம். 1959 ஆயுதச் சட்டப்படி, அப்பா, தாத்தா துப்பாக்கி என்றாலும் லைசென்ஸ் வாரிசு பெயருக்கு மாற வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடியது அதிகபட்சம் இரண்டு துப்பாக்கி. பரம்பரைத் துப்பாக்கியும் அந்தக் கணக்கில்தான் வரும்.

லைசென்ஸ் இல்லாமல் பரணில் வைத்திருந்தால், 'எனக்குத் தெரியாதுங்க' என்று சொல்லித் தப்ப முடியாது. போலீஸ் நிலையத்திலோ, லைசென்ஸ் உள்ள துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்கச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் தோட்டா நிரப்புவதும் குற்றம். இதற்கெல்லாம் ஜெயில் உண்டு.

எஸ்டேட் முதலாளி 'இந்தா, பன்னி வந்தா சுடு' என்று பழைய துப்பாக்கியைக் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள். 'என் பேர் லைசென்ஸ்ல இருக்கா? இது எப்ப செஞ்சது? எந்தத் தோட்டாவுக்கு முத்திரை இருக்கு? கடைசியா யார் சோதிச்சது?' என்று கேளுங்கள். கேட்கிற உரிமை உங்களுக்கு இருக்கிறது. காட்டுப்பன்றியைச் சுடுவதும் வனத்துறை விவகாரம், முதலாளி சொன்னார் என்று செய்துவிட முடியாது. மாட்டினால் வழக்கு உங்கள் மேல். வெடித்தால் கையும் உங்களுடையது.

பழைய வேட்டைத் துப்பாக்கிக்கு வயது 100-க்கு மேல் இருக்கும். அந்த வயதில் தாத்தாவை மூட்டை தூக்கச் சொல்வோமா? சுவரோரம் கௌரவமாக உட்கார வைப்போம். சட்டப்படி லைசென்ஸ் இருந்தால், தாத்தாவின் துப்பாக்கிக்கும் அந்த மரியாதையே போதும்!